ஓட்டை அடைக்கும் அண்ணன்

காலை நிகழ்ச்சிக்கு வரும் வாட்ஸ்அப் குரல் பதிவுகளில் சில, மனத்தை விட்டுப் போவதில்லை. சென்ற மாதம் ஒன்று வந்தது.

"தங்கச்சி, இன்னிக்கு எங்க கல்யாண நாள். நேத்தே கெர்த்தேயில வந்து இறங்கியிருக்கணும். கிணத்துக் குழாய்ல ஓட்டை, வேலை முடியல. வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு பாட்டுப் போடுங்க."

போட்டேன். நிகழ்ச்சி முடிந்ததும் அவரை அழைத்து, "என்ன ஓட்டைண்ணே?" என்று கேட்டேன்.

எண்ணெய்க் கிணறு என்பது வெறும் துளை அல்லவாம். மண் சரியாமலிருக்க, எண்ணெயும் எரிவாயுவும் வழியில் கசியாமலிருக்க, உள்ளே எஃகுக் குழாய் இறக்கி, சுற்றிலும் சிமெண்டு நிரப்புவார்கள். அதுதான் கேசிங். துருவும் உராய்வும் நில அசைவும் காலப்போக்கில் அதைக் கெடுத்துவிடும்.

ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் ஆள் இறங்க முடியாது. விரல்கள் போன்ற கம்பிகள் கொண்ட கருவியைக் கேபிளில் இறக்கி, குழாயின் உட்சுவரைத் தடவிப் பார்க்கிறார்கள். சிறு ஓட்டையென்றால் அழுத்தம் கொடுத்துச் சிமெண்டைச் செலுத்தி அடைக்கலாம். இல்லையென்றால், உள்ளே இன்னொரு மெல்லிய எஃகுக் குழாயை இறக்கி, அதை விரித்துப் பழைய சுவரோடு இறுக ஒட்டவைக்கலாம். துளை கொஞ்சம் குறுகும். ஆனால் கிணறு பிழைக்கும். கடைசியில் அழுத்தச் சோதனை. அழுத்தம் இறங்காமல் நின்றால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம்.

"ஒரு நாள் தள்ளிப்போட்டா என்னண்ணே?" என்று விளையாட்டாகக் கேட்டேன். "அலிசோ கேன்யன்னு தேடிப் பாரு தங்கச்சி" என்றார்.

தேடினேன். லாஸ் ஏஞ்சலஸ் அருகே, 1953-இல் தோண்டிய கிணறு. பிறகு எரிவாயுவைச் சேமிக்கப் பயன்பட்டது. நிலத்தடி நீர் பட்டு வெளிப்புறம் அரித்துப்போன 7 அங்குலக் குழாய், 2015 அக்டோபரில் வெடித்தது. அடுத்தடுத்த முயற்சிகள் தோற்றன. பக்கத்தில் வேறொரு கிணறு தோண்டித்தான் 2016 பிப்ரவரியில் அடைத்தார்கள். அதற்குள் சுமார் 1 லட்சம் டன் மீத்தேன் காற்றில் கலந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டைவிட்டு வெளியேறின.

வாசித்தபின், என் கேள்வியை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

மூன்றாம் நாள் மறுபடியும் அவர் குரல்: "அழுத்தம் நின்னிருச்சு தங்கச்சி. நாளைக்கு ஹெலிகாப்டர்." மறுநாள் மாலை அதே எண்ணிலிருந்து ஒரு பெண் குரல்: "வந்துட்டாரு. பாட்டுக்கு நன்றிம்மா."