பத்தில் ஒரு பங்குக் கார்

பொழுதைப் போக்க வழிகள் பல உண்டு. அதைப் பயனுள்ளதாக்க வழிகள் சிலவே உண்டு. தபால்தலை சேர்ப்பதும், தோட்டம் போடுவதும், புகைப்படம் பிடிப்பதும் அந்தச் சிலவற்றைச் சேர்ந்தவை என்பதைப் பெற்றோர் எளிதில் ஒப்புவர். ஆயின், வளர்ந்த பிள்ளையொருவன் கையிலே ஒரு சிறு கட்டுப்பாட்டுக் கருவியுடன் முற்றத்தில் நின்று, முழ நீளக் காரொன்றை ஓடவிட்டுக் கொண்டிருந்தால் மட்டும், "இந்த வயதிலும் விளையாட்டுச் சாமானா?" என்று கேட்கின்றனர்.

கேள்வி நியாயமானதே. இதற்காகும் செலவு சிறிதன்று. படிப்பு வேளையிலும் ஒரு பகுதியை இது விழுங்கும். ஆகவே, வானொலி அலையால் இயங்கும் இந்தச் சிறு கார் வெறும் விளையாட்டா, அன்றிக் கல்வியா என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

தொலைவில் நின்றபடி ஒரு பொருளைக் கம்பியின்றி இயக்கலாம் என்பது நூறாண்டு கடந்த செய்தி. 1890-களின் நடுவில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலைகளைச் சுவர் கடந்து செலுத்தி, மணியை அடிக்கச் செய்தும் வெடிமருந்தைப் பற்றவைத்தும் காட்டினார். 1898-ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் நிக்கொலா டெஸ்லா, நீர்த்தொட்டியில் மிதந்த சிறு படகொன்றை அவ்வாறே இயக்கிக் காட்டினார். அறிஞரின் மேடையில் இருந்த அந்த அற்புதம் பிள்ளைகளின் கைக்கு வர முக்கால் நூற்றாண்டு சென்றது. யப்பானின் ஷிசுவோக்கா நகரில் 1946-இல் மரத் தொழிலுடன் தொடங்கிய தமியா நிறுவனம், 1976-இல் போர்ஷே 934 என்னும் காரின் சிறு வடிவை வானொலிக் கட்டுப்பாட்டுடன் வெளியிட்டது. 1990-களில், சாலையிலே நாம் காணும் கார்களின் தோற்றத்தில், பத்தில் ஒரு பங்கு அளவில், நான்கு சில்லுகளுக்கும் விசை செல்லும் கார்கள் பரவின. டூரிங் கார் என்பது இவ்வகைக்குப் பெயர். மண்மேட்டில் துள்ளும் கார்களைப் போலன்றி, இவை தாரிலும் சீமெந்திலும் நிலத்தோடு ஒட்டி ஓடுபவை.

தொடக்கநிலையினர் பலரும் விரும்பும் கார்களுள் ஒன்று, அதே நிறுவனம் 2013-இல் வெளியிட்ட டிடி-02. பெட்டியைத் திறந்தால் உள்ளே கார் இராது. காரின் உறுப்புகளே இருக்கும். தொட்டி போன்ற பிளாஸ்டிக் அடிச்சட்டம், முன்னும் பின்னும் விசையைக் கொண்டு செல்லும் நீண்ட தண்டு, மோட்டார், பற்சில்லுகள், திருகுகள் ஆகிய யாவற்றையும் படத்தைப் பார்த்து நாமே பொருத்த வேண்டும். வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சில்லு கூடுதலான தூரம் உருள வேண்டும் அல்லவா? அதற்கு இடங்கொடுக்கும் வேறுபாட்டுப் பற்சில்லுப் பெட்டி, தந்தையின் காரில் இருப்பது போலவே இதிலும் உண்டு. இக்காரைக் கட்டி முடித்தவன், பெரிய காரின் அடியில் என்ன நடக்கிறது என்பதைப் பாதி அறிந்தவனாகிறான்.

மீதிப் பாதியை அறிவது, கார் பழுதாகும்போது. கட்டுகஸ்தோட்டையிலிருந்து வரும் நம் மாணவர் ஒருவர், உயர்தரக் கணிதப் பிரிவிற் பயில்பவர், தம் காரின் வேகம் போதவில்லை என்று வலுக்கூடிய மோட்டார் ஒன்றை வாங்கிப் பூட்டினார். முதல் நாளிலேயே பெரிய பற்சில்லின் பற்கள் மழுங்கின. புதிய பற்சில்லு வாங்கினார். அடுத்த வாரம் சில்லைச் சுழற்றும் தண்டின் மூட்டுகள் தேய்ந்தன. அவற்றையும் மாற்றினார், பிறகு சுவரில் மோதி முன்கை முறிந்தது. உண்டியலில் சேர்த்த பணம் தீர்ந்த நிலையில் நம்மிடம் வந்து, "இனி எதை மாற்றலாம், சேர்?" என்றார். "அது இருக்கட்டும் தம்பி, இதுவரை எதைத் துடைத்தீர்?" என்று கேட்டோம். விடை வரவில்லை.

அவருடைய காரை மேசை மேல் வைத்து இருவருமாகப் பிரித்தோம். மோட்டாரைப் பிடிக்கும் திருகு தளர்ந்து, மோட்டார் சிறிது விலகியிருந்தது. ஆகவே, இரு பற்சில்லுகளும் பல்லின் நுனியால் மட்டும் ஒன்றையொன்று கடித்தன. முழுப் பல்லும் தாங்க வேண்டிய விசையை நுனி தாங்கியது, நுனி போயிற்று. மூட்டுகளில் மணலும் கிறீசும் கலந்து அரைக்கும் பசையாகியிருந்தன. வலுக்கூடிய மோட்டார் புதிய குறை எதையும் உண்டாக்கவில்லை. இருந்த குறையை விரைவில் வெளிப்படுத்தியது, அவ்வளவே.

இதுவே இப்பொழுதுபோக்கின் முதல் விதி: பலத்தைக் கூட்டிய இடம் முறிவதில்லை, அதற்கு அடுத்த இடமே முறியும். ஆதலால் மேம்பாடு என்பது கடையில் தொடங்குவதன்று. துடைப்பத் துணியில் தொடங்குவது.

அப்படியாயின் எதையும் மாற்றக் கூடாதா? மாற்றலாம், முறை அறிந்து மாற்ற வேண்டும். முதலில் மாற்றத் தக்கது, உராய்வு மிகுந்த இடம். டிடி-02 போன்ற கார்களின் அடிப்படை வகையில், சுழலும் தண்டுகளை வழவழப்பான பிளாஸ்டிக் வளையங்களே தாங்குகின்றன. அவற்றில் தூசு ஏறி, துளை அகன்று, தண்டு ஆடத் தொடங்கும். அவற்றை எடுத்து, பெயாரிங் எனும் குண்டுப் போதிகைகளை இடுவது மிகுந்த பயன் தரும். மோட்டார் அதே மோட்டார், பற்றரி அதே பற்றரி. ஆயினும் கார் எளிதாக உருளும், ஒரு மின்னேற்றத்தில் கூடுதல் நேரமும் ஓடும். வேகத்தை வாங்குவதினும் விரயத்தைக் குறைப்பது சிக்கனம் என்பதற்கு இதனைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

அடுத்தது அதிர்ச்சி தாங்கி. சுருள்வில் மட்டும் இருந்தால் கார் மேட்டிலே துள்ளி, துள்ளல் அடங்குமுன் அடுத்த மேட்டை அடையும். சிலிக்கன் எண்ணெய் நிரப்பிய தாங்கியில், சிறு துளைகளின் வழியே எண்ணெய் நெருக்கிக்கொண்டு செல்ல வேண்டியிருப்பதால் துள்ளல் விரைவில் தணியும். சில்லுகள் நிலத்தை விடா. நிலத்தைத் தொடாத சில்லுக்கு எவ்வளவு வலு இருந்தென்ன?

மூன்றாவது பற்சில்லுக் கணக்கு. மாணவர்கள் பென்சிலை எடுத்துக் கொள்ளலாம். மோட்டாரில் உள்ள சிறு சில்லுக்கு 22 பற்கள். அது சுழற்றும் பெரிய சில்லுக்கு 70. உட்பெட்டியில் மேலும் 2.6 மடங்கு குறைப்பு உண்டு. 70-ஐ 22-ஆல் வகுத்து 2.6-ஆல் பெருக்கினால் 8.27 வரும். அதாவது, மோட்டார் 8.27 முறை சுழன்றால் ரயர் ஒரு முறை சுழலும். ரயரின் சுற்றளவு சுமார் 20 சென்ரிமீற்றர். மோட்டார் நிமிடத்துக்கு 12,000 முறை சுழல்வதாகக் கொண்டால், காரின் வேகம் மணிக்குச் சுமார் 17 கிலோமீற்றர். சிறு சில்லை 25 பற்களுடையதாக மாற்றினால், அதே சுழற்சியில் வேகம் ஏறக்குறைய 20 ஆகும்.

மூன்று பல்லுக்கு மூன்று கிலோமீற்றர் இலாபம் என்று மகிழ வேண்டாம். இயற்கை எதையும் இனாமாகத் தருவதில்லை. வேகம் கூடிய அளவுக்கு, சில்லைத் திருப்பும் முறுக்கு வலிமை குறைகிறது. அதை ஈடுசெய்ய மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகிறது. சமதரை நகரங்களில் இது பெரிதாகத் தோன்றாது. கண்டியிலோ சமதரை கிடைப்பதே அருமை. பத்தடிக்கு ஓரடி உயரும் சரிவில் ஒன்றரைக் கிலோகிராம் எடையுள்ள கார் ஏறும்போது, தன் எடையில் பத்தில் ஒரு பங்கை, அதாவது 150 கிராமை, ஓயாமல் மேலே தூக்கிச் செல்கிறது. கடுகண்ணாவை ஏற்றத்தில் நம் புகையிரதம் மெல்லச் செல்வதை எல்லோரும் கண்டிருக்கிறோம்; அங்கே ஏற்றம் சுமார் 45 அடிக்கு ஓரடிதான். ஆகவே மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு ஏற்றது சிறிய பற்சில்லே. ஓட்டத்தின் பின் மோட்டாரில் விரலை வைக்க முடியாத சூடு இருப்பின், பற்சில்லு பெரிது என்று அறிக.

இனிப் பராமரிப்பு. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 500 மீற்றர் உயரத்திலுள்ள நம் நகரில் ஈரத்துக்குக் குறைவில்லை. ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் பிற்பகல் இடிமழை ஓய்ந்தபின், சீமெந்துத் தரை காய்ந்தது போல் தோன்றினும் இடுக்குகளில் நீர் நிற்கும். குண்டுப் போதிகை உருக்கினால் ஆனது. ஈரத்தோடு இரண்டு நாள் வைத்தால் துரு ஏறி, சுழற்றும்போது கரகரக்கும். ஆதலால் ஒவ்வோர் ஓட்டத்தின் பின்னும் மென்மையான தூரிகையால் மண்ணைத் தட்டி, உலர்ந்த துணியால் துடைத்து, மேற்கூட்டைக் கழற்றிக் காற்றாட வைக்க வேண்டும். நான்கு சில்லுகளையும் ஒவ்வொன்றாக விரலாற் சுழற்றிப் பார்த்தால், எது தடைப்படுகிறது என்பதை விரலே சொல்லும். பிளாஸ்டிக்கில் ஏறும் திருகுகளை மட்டாக இறுக்குக. மிகையாக இறுக்கினால் மரை அழிந்துவிடும். உலோகத்தில் ஏறும் திருகுகள் அதிர்வில் தளராதிருக்கத் திருகுப் பசை ஒரு துளி போதும்; அப்பசையைப் பிளாஸ்டிக்கில் இடலாகாது, வெடிக்கும். பற்சில்லுகளுக்குக் கிறீஸ் மெல்லிய பூச்சாக இருக்கட்டும். நாம் ஆண்டுக்கொரு முறை கருவிகளுக்குப் பூசை செய்கிறோம். கருவிகளோ ஓட்டத்துக்கொரு முறை துடைப்பைக் கேட்கின்றன.

பற்றரியைப் பற்றிப் பெற்றோரும் அறிந்திருத்தல் அவசியம். பழைய வகையான நிக்கல் பற்றரி 7.2 வோல்ற்று, முரட்டுத்தனத்தை ஓரளவு பொறுக்கும். லித்தியம் பொலிமர் பற்றரி அவ்வாறன்று. அதன் ஒவ்வொரு கலமும் 4.2 வோல்ற்றுக்கு மேல் ஏறவும் கூடாது; 3 வோல்ற்றுக்குக் கீழ் இறங்கவும் கூடாது. எல்லை மீறினால் வீங்கும், தீயும் பற்றலாம். கலங்களைச் சமப்படுத்தும் தகுந்த மின்னேற்றி கொண்டு, எரியாத தரையில், ஒருவர் அருகிருக்கவே மின்னேற்ற வேண்டும். படுக்கையில் வைத்து இரவெல்லாம் ஏற்றுவது ஒருபோதும் ஆகாது. சில வாரம் ஓட்டாமல் வைப்பதாயின், கலத்துக்கு 3.8 வோல்ற்று அளவில் வைப்பது நலம். வீங்கிய பற்றரியை மறுபடி பயன்படுத்தலாகாது. யானை வாங்கியவன் அங்குசம் வாங்கத் தயங்கலாமா? காருக்குச் செலவிட்டவர் நல்ல மின்னேற்றியில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

ஓட்டும் ஒழுங்கும் ஒன்றுண்டு. முதலில் கையிலுள்ள கருவியை இயக்கி, பிறகே காரை இயக்குக. நிறுத்தும்போது காரை முதலில் நிறுத்துக. கட்டளையிடுவோன் இல்லாத கார் எங்கே பாயும் என்று சொல்ல இயலாது. முன்னாளில் 27 மெகாஹேட்ஸ் கருவிகளில், ஒரே அலைவரிசையில் இருவர் ஓட்டினால் ஒருவர் கார் மற்றவர் கட்டளையைக் கேட்கும். 2.4 கிகாஹேட்ஸ் கருவிகள் தத்தம் காருடன் மட்டுமே இணைவதால் அத்தொல்லை நீங்கிற்று. ஆயின் இடத்தின் மரியாதை நீங்கவில்லை. கண்டி ஏரியைச் சுற்றிய வீதி அழகியதே. எனினும் அது வாகனங்களும் வழிபடச் செல்வோரும் நிறைந்த வீதி. அனுமதி பெற்ற பாடசாலைச் சீமெந்துத் திடலும், ஆளில்லாத வாகனத் தரிப்பிடமுமே இதற்கு உரிய இடங்கள்.

இவற்றையெல்லாம் ஒரு சிறு காருக்காகக் கற்க வேண்டுமா என்று சிலர் வினவலாம். நம் நாட்டின் அண்மைக் காலத்தை எண்ணிப் பார்ப்போம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். அந்த ஐந்தாண்டும் மலைப்பாதைகளில் நம்மை ஏற்றி இறக்கியவை புதிய வாகனங்களல்ல. பழையவற்றைப் பேணத் தெரிந்த கைகள். 1948-இல் இங்கிலாந்தில் அறிமுகமான மொறிஸ் மைனர், அங்கே உற்பத்தி நின்று அரை நூற்றாண்டு கடந்தும் இலங்கைச் சாலைகளில் ஓடுவது எதனால்? அதற்குப் பெரிய மோட்டார் பூட்டியதனாலன்று. தேய்ந்ததைத் தேயும்போதே கண்டறிந்ததனால். வாங்கும் வசதி ஒரு நாள் இல்லாமற் போகலாம். பேணும் பழக்கம் கைவிடாது.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு சொல். காருடன் ஒரு பயிற்சிப் புத்தகத்தையும் வைத்துக் கொள்ளுங்கள். தேதி, மாற்றிய உறுப்பு, காரணம், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஓடிய நேரம், மோட்டாரின் சூடு ஆகியவற்றை எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது பயன் தந்தது என்று அறிய முடியாது. ஆய்வுகூடத்தில் நாம் சொல்லித் தரும் முறையும் இதுவே. பேராதனையில் பொறியியல் பயிலக் கனவு காண்போருக்கு, அக்கனவின் முதற் பக்கம் இப்புத்தகத்திலேயே தொடங்கலாம்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை அடுத்த முறை ஏதேனும் உறுப்பு வாங்கப் பணம் கேட்டால், உடனே மறுக்கவும் வேண்டாம். உடனே கொடுக்கவும் வேண்டாம். அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பக்கங்கள் நிறைந்திருந்தால் அது கல்வி. வெறுமையாக இருந்தால் விளையாட்டுச் சாமான்.