சுங்கடியும் கைப்பேசி விளம்பரமும்

மதுரைச் சுங்கடி 2005-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. ஆயினும் இன்ஸ்டாகிராமில் அப்பெயரால் புகழப்படும் சேலைகளுள் பல, முடிச்சே காணாத அச்சுச் சேலைகள். பணமோ பொருளோ பெற்றுப் புகழ்வோர் அதனை வெளிப்படையாகக் கூறவேண்டுமென மத்திய அரசு 2023 ஜனவரியில் நெறிமுறை வகுத்தது. இலவசச் சேலைக்கும் அது பொருந்தும்.

நம் சங்கங்களும் இத்தகையோரை அமர்த்தலாமென்பர் சிலர். நாம் உடன்படோம். நூலால் இறுகக் கட்டி, சாயத்தில் தோய்த்து, உலர்ந்தபின் பிரிக்கையில் புள்ளி மலர்வதை அரை நிமிடம் காட்டினாலே போதும். புள்ளிகள் ஒரே அளவாய் இரா. துணியில் சுருக்கமும் தங்கியிருக்கும். அச்சுக்காரர் இதை எங்ஙனம் காட்டுவார்?

ஆனால் முடிச்சிடும் பெண்மணி கட்டிய அளவுக்கே கூலி பெறுபவர். படமெடுக்க அவர் கை நின்றால் வருமானமும் நிற்கும். புகழ்வோருக்குக் கொடுக்க நினைத்த தொகையை அந்நேரக் கூலியாக அவருக்கே அளிக்க, ஒவ்வொரு நிர்வாகக் குழுவும் படமெடுக்குமுன் தீர்மானம் நிறைவேற்றவேண்டும்.