சாயங்காலமே சமாதானம்

காலையில் எதிர்வீட்டுக்காரரைக் கைநீட்டி அடித்துவிட்டீர்கள். சாயங்காலம் போய் நாலு ஜோக் சொல்கிறீர்கள். உடனே அவர் சிரித்தபடி வந்து, உங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து டி.வி. பார்ப்பாரா? நம் தெருவில் நடக்குமா? மூணு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது.

'தி சிம்ஸ்' கம்ப்யூட்டர் கேமில் இது சர்வசாதாரணம். அடித்தால் நட்பு மீட்டர் இறங்கும். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் திரும்ப ஏறும். அவ்வளவுதான் அங்கே பகை!

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சொப்பு வைத்து விளையாடுவதன் கம்ப்யூட்டர் அவதாரம் இது. வீடு கட்டலாம், ஆட்களைக் குடிவைக்கலாம், அவர்களை வாழவைத்து வேடிக்கை பார்க்கலாம். 2000-ல் இதைக் கொண்டுவந்த வில் ரைட், 1991-ல் கலிபோர்னியாவின் ஓக்லண்டில் பரவிய தீயில் வீட்டைப் பறிகொடுத்தவர். மறுபடி குடித்தனம் அமைத்த அனுபவத்தில் பிறந்த யோசனை இது. வீடு எரிந்ததை மறக்காத மனிதரின் விளையாட்டில், பாத்திரங்களுக்கு மட்டும் மறதி வியாதி!

நடுவில் ஒரு நல்ல காலம் இருந்தது. 2004-ல் வந்த இரண்டாம் பாகத்தில் ஒவ்வொருவருக்கும் ஞாபகப் பட்டியல் உண்டு. முதல் முத்தம், கல்யாணம், வீட்டில் விழுந்த சாவு எல்லாம் அதில் ஏறும். 2009-ல் மூன்றாம் பாகம். வயதுவந்த ஒருவருக்கு 5 குணங்கள் கொடுக்கலாம். 2014-ல் நாலாம் பாகம் வந்தபோது அந்த 5, 3 ஆனது. கொசுறாக ஒன்று. ஞாபகப் பட்டியல் காணாமலே போனது.

நான் பி.காம். படித்தவன். இந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. சோபாவுக்கு விலை போடலாம், நாய்க்குட்டிக்குப் போடலாம். மனக்கசப்புக்கு எப்படி பில் போடுவது?

அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். 2022-ல் மூல ஆட்டத்தை இலவசமாக்கினார்கள். 2023-ல் வாழ்க்கையின் முக்கியத் தருணங்களைக் குறித்துவைக்கும் வசதி, 'குரோயிங் டுகெதர்' என்ற 40 டாலர் தொகுப்பில் வந்தது. 2024-ல் செத்தவருக்காக ஆளுக்கொரு விதமாகத் துக்கப்படும் வசதி, 'லைஃப் அண்ட் டெத்' என்ற இன்னொரு 40 டாலர் தொகுப்பில் வந்தது. அழுவதற்குக் கட்டணம்!

நியாயமாக ஒன்றையும் சொல்லவேண்டும். பாசம், மனத்தாங்கல் இரண்டும் கொஞ்ச நாள் தங்கும் ஏற்பாட்டை 2020-ல் இலவசமாகவே சேர்த்தார்கள். ஆனால், அதில் பலவும் சில நாளில் கரைந்துபோகும்.

'ஊர் முழுக்க ஞாபகம் வைத்தால் கம்ப்யூட்டர் திணறும்' என்பார்கள். டார்ன் ஆடம்ஸ், ஜாக் ஆடம்ஸ் என்ற இரண்டு சகோதரர்கள் உருவாக்கிய 'ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ்' கேமில், பழைய ஞாபகம் ஒருவரின் குணத்தையே மாற்றிவிடுகிறது. ரெண்டு பேருக்கு முடிந்தது, பெரிய கம்பெனிக்கு முடியாதா?

செயற்கை அறிவுதான் தீர்வு என்று அவசரப்படவும் வேண்டாம். 2023-ல் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் 25 பாத்திரங்களை அப்படி வாழவைத்தார்கள். இரண்டு நாள் வாழ்க்கைக்கு ஆயிரக்கணக்கான டாலர் செலவு. ஆனால், அவர்கள் ஞாபகங்களைப் பொறுக்கிய விதம் எளிமை. எவ்வளவு சமீபம்? எவ்வளவு முக்கியம்? இப்போதைய நிலைமைக்குச் சம்பந்தம் உண்டா? இந்த மூணு கேள்விக்கு ஆயிரம் டாலர் வேண்டாம்.

நாலாவதாக ஒன்றை நான் சேர்ப்பேன்: இவர் என்ன குணம்? கஞ்சனுக்குக் கொடுத்த கடன் மறக்காது. ரோஷக்காரருக்கு சபையில் பட்ட அவமானம் மறக்காது. சோம்பேறிக்கு நேற்று சொன்ன வேலையே மறந்துபோகும். குணமும் ஞாபகமும் தனித்தனிச் சரக்கு இல்லை. ஒன்றை இன்னொன்றோடு முடிந்துவிட்டாலே ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரிந்துவிடும்.

'கேம்தானே, விடுங்க சார்' என்கிறீர்களா? விட முடியாது. எதைச் செய்தால் யாருக்கு வலிக்கும் என்று பிள்ளைகள் ஒத்திகை பார்ப்பதே விளையாட்டில்தான். அடித்தாலும் அழவைத்தாலும் சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும் என்றால், அது என்ன ஒத்திகை?

அடுத்த தொகுப்புக்காக உங்கள் பிள்ளை வந்து நின்றால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இதுல அடி வாங்கினவனுக்கு நாளைக்கு அது ஞாபகம் இருக்குமாப்பா?"

இருக்காது என்றால், பர்ஸை மூடுங்கள். நாம் மறக்கவில்லை என்று அவர்களுக்குத் தெரியட்டும்.