துப்பாக்கி யார் வீட்டுச் சொத்து?

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற சாலையில் போன மாசி மாதம் வண்டி பஞ்சர். டிரைவர் ஸ்டெப்னி மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில், அறுப்பு முடிந்து கிடந்த கரிசல் காட்டில் ஒரு விளையாட்டைப் பார்த்தேன். அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

நாலு பையன்கள், ஒரு சிறுமி. அவள் கையில் உடைந்த ஓட்டுச் சில்லுகள். ஒன்றை எடுத்து விசிறி எறிவாள். அது கீழே விழுவதற்குள் ஒருத்தன் கவட்டையால் அடிக்க வேண்டும். ஆளுக்குப் பத்து சில்லு. ஒல்லியாக இருந்த ஒருவன் பத்துக்கு ஆறு அடித்தான். பறக்கிற சில்லை! என்னையறியாமல் கைதட்டிவிட்டேன்.

"இதுக்கு என்னப்பா பேரு?"

"பேரெல்லாம் கெடையாது சார். சும்மா, சில்லடி."

பேர் இருக்கிறது. இங்கிலாந்தில் இதை 'ஸ்போர்ட்டிங் கிளேஸ்' என்பார்கள். கவட்டைக்குப் பதில் இரட்டைக் குழல் துப்பாக்கி. சில்லுக்குப் பதில், சுண்ணாம்புக்கல் பொடியைக் கீலோடு கலந்து வார்த்த தட்டு. விட்டம் 11 சென்டிமீட்டர், எடை 100 கிராமுக்குக் கொஞ்சம் கூட. 'களிமண் புறா' என்று பேர். அதில் களிமண்ணும் இல்லை, புறாவும் இல்லை! தோட்டம் மாதிரி ஒரு பெரிய இடத்தில் ஒவ்வொரு நிலையமாக நடந்துபோய்ச் சுட வேண்டும். ஓரிடத்தில் காலடியிலிருந்து கௌதாரி கிளம்புவது மாதிரி தட்டு கிளம்பும். அடுத்த இடத்தில் வாத்து மாதிரி தலைக்கு மேலே போகும். இன்னோரிடத்தில் முயல் மாதிரி தரையில் உருண்டு ஓடும். 1900-ல் பாரிஸ் ஒலிம்பிக்கை ஒட்டி நடந்த போட்டியில் நிஜப் புறாக்களையே சுட்டுத் தள்ளினார்கள். நல்லவேளை, கடைசியில் தட்டு ஜெயித்தது. இன்றைக்கு ஒலிம்பிக்கில் இருக்கிற டிராப், ஸ்கீட் இரண்டும் இதே குடும்பத்துப் பிள்ளைகள்தான்.

இந்த விளையாட்டில் இந்தியாவின் முதல் பெரிய பெயர் கர்ணி சிங். பிகானீர் மகாராஜா. 1960-லிருந்து 1980 வரை ஐந்து ஒலிம்பிக்கில் சுட்டவர். 1962-ல் கெய்ரோ உலகப் போட்டியில் வெள்ளி வாங்கினார். தமிழ்நாட்டுப் பெயர் கேட்டால் பிருத்விராஜ் தொண்டைமான். புதுக்கோட்டை அரச குடும்பம். ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் டிராப் அணிக்குத் தங்கம், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இடம். அவர் திறமையை நான் ஒரு இம்மியும் குறைக்கவில்லை. ஆனால் ராஜா வீட்டில் மட்டும்தான் குறிபார்க்கத் தெரிந்தவர்கள் பிறக்கிறார்களா?

கொஞ்சம் பின்னால் போகலாம். கோவில்பட்டிக்குத் தெற்கே கயத்தாறு. 1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட ஊர். அவரைப் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தது அன்றைய புதுக்கோட்டைத் தொண்டைமான். (அதற்காக இன்றைய பேரனை யாரும் முறைக்க வேண்டாம்!) பாஞ்சாலங்குறிச்சி இரண்டாம் தடவையும் விழுந்தபின், 1801 டிசம்பர் 1-ல் சென்னை கவர்னர் ஒரு பிரகடனம் போட்டார். தெற்குச் சீமையில் ஆயுதம் வைத்துக்கொள்ளக் கூடாது. துப்பாக்கி, ஈட்டி எல்லாம் போச்சு. சின்ன மருதுவிடம் வளரி எறியக் கற்றுக்கொண்டதாக எழுதி வைத்திருக்கிறார் ஜேம்ஸ் வெல்ஷ் என்கிற வெள்ளைக்கார அதிகாரி. நூறு கஜத்துக்குள் குறி தப்பாதாம். அந்தக் கையைத்தான் கட்டிப் போட்டார்கள். 1878-ல் நாடு முழுக்க ஆயுதச் சட்டம் வந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1959 சட்டம். ஆட்சி மாறியது. லைசென்ஸ் கேட்டுப் போனால் "நீ யார், எவ்வளவு நிலம் இருக்கு?" என்கிற பார்வை மாறியதா?

நரிக்குறவர்களை நினைத்துப் பாருங்கள். நாட்டுத் துப்பாக்கியில் மருந்து கெட்டித்து, பறக்கிற காடையை அடித்தவர்கள். 1972 வனவிலங்குச் சட்டம் அவர்கள் தொழிலை நிறுத்தியது. பறவையைச் சுடாதே என்றது சரி, நூறு தடவை சரி. வெள்ளைக்காரன் பறவைக்குப் பதிலாகத் தட்டை வைத்துக்கொண்டான். நாம் இவர்களுக்கு ஊசிமணி பாசியைக் கொடுத்து பஸ் ஸ்டாண்டில் உட்கார வைத்தோம். பழங்குடிப் பட்டியலில் சேர்க்கவே 2022 டிசம்பர் வரை நாடாளுமன்றத்துக்கு நேரம் கிடைக்கவில்லை. அந்தச் சமூகத்திலிருந்து ஒரு பிள்ளையை ஷாட்கன் பயிற்சிக்குக் கூட்டிப் போகலாம் என்று எந்த அதிகாரிக்காவது தோன்றியதா?

"சார், அது பணக்கார விளையாட்டு" என்பீர்கள். உண்மைதான். நல்ல இத்தாலித் துப்பாக்கி பல லட்சம். ஒரு சுற்றுக்கு 25 தட்டு, ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் 125. பயிற்சி என்றால் ஒரு நாளைக்கு இருநூறு தோட்டா சாதாரணம். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிற அம்மாவின் மாதச் சம்பளம் ஒரே நாளில் புகையாகிவிடும். அப்புறம் 2004 ஏதென்ஸில் வெள்ளி வாங்கிய ராஜ்யவர்தன் சிங் ரத்தோர் என்ன மகாராஜாவா? ராணுவ அதிகாரி. ராணுவம் துணை நின்றது, பதக்கம் வந்தது.

இன்னும் பக்கத்து உதாரணம் வேண்டுமா? கோவில்பட்டியே இருக்கிறது. ஹாக்கியும் வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதான். இந்த ஊர்க்காரர்கள் அதைக் கட்டாந்தரையில் ஆடினார்கள். வருஷா வருஷம் அகில இந்தியப் போட்டி நடத்தினார்கள். பின்னால் அரசு செயற்கைப் புல் மைதானம் போட்டது. 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடினார் இந்த ஊர் மாரீஸ்வரன் சக்திவேல். மட்டையும் மைதானமும் எட்டுகிற தூரத்தில் இருந்தால் மீதியை ஊர் பார்த்துக்கொள்ளும்.

மட்டையும் துப்பாக்கியும் ஒன்றா என்று நீங்கள் கேட்பது நியாயம். எங்கள் மாவட்டத்தில் துப்பாக்கி என்றாலே 2018 மே 22-தான் ஞாபகம் வரும். தூத்துக்குடியில் போலீஸ் சுட்டு 13 பேர் செத்தார்கள். சாதிச் சண்டைக்கு அரிவாளே போதும் என்கிற பூமியில் துப்பாக்கி வேறா? நான் வீட்டுக்கு வீடு துப்பாக்கி கேட்கவில்லை. வீட்டில் துப்பாக்கி இருக்கிற ஏற்பாடுதான் இன்று இருக்கிறது, வசதியும் செல்வாக்கும் உள்ளவர்கள் வீட்டில். நான் கேட்பது அதற்கு நேர் எதிரானது. துப்பாக்கி அரசாங்கத்தோடது. ராத்திரி அரசாங்கப் பூட்டுக்குள் இருக்கணும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்கு. பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, பிள்ளை சுட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போகணும்.

இடத்துக்குப் பஞ்சமில்லை. முந்நூறு மீட்டர் ஆளில்லாத வெட்டவெளி போதும். கரிசலில் தரிசுக்கா பஞ்சம்? ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். ஈயக் குண்டு மண்ணில் விழுந்து கிடக்கக் கூடாது, விஷம். வேலி போட்டு, அவ்வப்போது மண்ணைச் சலித்து எடுக்க ஒரு ஏற்பாடு வேண்டும். அதற்கும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள், விளையாட்டுத் துறை அமைச்சர் அவர்களே.

டயர் மாட்டி முடிந்ததும் கிளம்பினோம். திரும்பிப் பார்த்தேன். அந்தச் சிறுமி ஒல்லிப் பையனிடம் கவட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் கொடுக்கவில்லை. "நீ எறிபுள்ள மொதல்ல" என்றான்.