அங்கிக்குள்ளே ஒரு தளபதி

2022 செப்டம்பரில் மாஸ்கோ நகரத்துத் தலைமைக் குரு கிரில் ஒரு பிரசங்கம் செய்தார். உக்ரைன் போரிலே கடமையாற்றி மடிகிற வீரனுடைய பாவங்களெல்லாம் கழுவப்பட்டுவிடும் என்றார். ஆகா, எவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது மோட்சம்! மகனைப் பறிகொடுத்த தாய் அழுவதா, ஆனந்தப்படுவதா என்று கேட்கிறோம்.

இது புதுச்சரக்கல்ல, தோழர்களே. 1915-ல், முதல் உலகப் போரின்போது, கிறிஸ்துமஸை எதிர்நோக்கும் வாரங்களிலே, லண்டன் பிஷப் வின்னிங்டன் இங்ராம் முழங்கினார்: ஜெர்மானியரைக் கொல்ல வேண்டுமாம். கெட்டவனோடு நல்லவனையும், கிழவனோடு வாலிபனையும்! கொலைவெறியால் அல்லவாம், உலகைக் காக்கவாம்! வாய் தவறி வந்த பேச்சென்று மன்னிக்கலாமா? 1917-ல் புத்தகமாகவே அச்சேறியது. போரை நடத்திய பிரதமர் அஸ்குவித்தே முகஞ்சுளித்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

(வெள்ளைக்காரனை மட்டும் ஏசுவானேன்? வில்லைக் கீழே போட்டவனிடம் ‘எடு வில்லை, கொல் உறவினரை, அதுவே தர்மம்’ என்று தேர்த்தட்டிலே உபதேசம் நடந்த நாடுதானே இது!)

அந்தப் போருக்கு இங்கிருந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து போயினர். 70,000 பேருக்கு மேல் திரும்பவில்லை. எந்த பிஷப்பும் அவர்களைக் கேட்டு அனுப்பவில்லை.

ஆனால் எல்லா அங்கிக்குள்ளும் தளபதி இல்லை. ஸ்டடர்ட் கென்னடி என்றொரு பாதிரியார். ரயிலடியிலும் போர்முனையிலும் சிப்பாய்களுக்கு ‘உட்பைன்’ சிகரெட்டை வாரி வாரிக் கொடுத்தவர்; ‘உட்பைன் வில்லி’ என்றே பெயர் பெற்றார். சுருட்டுக்குப் பேர்போன நம் திண்டுக்கல்லுக்கு வந்திருந்தால் இவரைத் தோளில் தூக்கியிருப்பார்கள்! தொடக்கத்திலே இவரும் வீராவேசம் பேசியவர்தான். குத்துச்சண்டைக்காரரோடும் துப்பாக்கி ஈட்டி பழக்குவோரோடும் முகாம் முகாமாகப் போய் உற்சாகமூட்டினார். பிறகு குண்டு மழைக்கு நடுவே ஓடிக் காயம்பட்டோரைக் கவனித்தார், பதக்கமும் பெற்றார். பிணக்குவியலைக் கண்ட கண் பொய் சொல்லுமா? போர் முடிந்ததும் போரையே சாடிப் பேசினார், எழுதினார். தொழிலாளர் வாழும் நகரங்களிலே ஓயாது பேசித் திரிந்து 1929-ல் மாண்டார். நாம் மதிப்பது இந்த மனமாற்றத்தை. தப்பைத் தப்பென்று ஒப்புக்கொள்ளும் துணிவு எத்தனை குருமாருக்கு உண்டு?

1934-ல் டிக் ஷெப்பர்டு என்ற இன்னொரு பாதிரியார், ‘இனிப் போரை ஆதரிக்க மாட்டேன் என்போர் ஒரு கார்டு போடுங்கள்’ என்றார். 1936-க்குள் லட்சத்துக்கு மேற்பட்டோர் எழுதினர். ஆயினும் 1939-ல் போர் வந்தது. கார்டு பீரங்கியை நிறுத்தாது என்பதையும் நாம் அறிவோம்.

லண்டன் கதை நமக்கெதற்கு என்பீர்கள். நம் வட்டாரத்துக்கே வருவோம். மதுரை அமெரிக்கன் மிஷனுக்கு 1925-ல் வந்தவர் கெய்தான் பாதிரியார். அயல்நாட்டு மிஷன்காரர்கள் சர்க்காருக்கு அடங்கி நடப்பதாக உறுதி தரவேண்டிய காலம் அது. வேதத்தைச் சொல், விடுதலையைச் சொல்லாதே! கதர் கட்டிய கெய்தான் என்ன செய்தார்? 1930-ல் காந்தியாரின் கடிதத்தை வைசிராயிடம் கொண்டுபோன ரெஜினால்டு ரெனால்ட்ஸ் என்ற ஆங்கில இளைஞரைத் தம் வீட்டிலே வரவேற்று உபசரித்தார். ஒரு விருந்தாளிக்குச் சோறு போட்டது குற்றமாயிற்று! நாட்டைவிட்டுப் போகச் சொன்னார்கள். பின்னர் திரும்பி வந்தார். 1944-ல் மீண்டும் வெளியேற்றினார்கள்.

காந்தியாரின் கதரோடும் ராட்டையோடும் நமக்குப் பேதம் உண்டு. அது வேறு வழக்கு. ஆளும் வல்லரசு வாளேந்தி நிற்கையில் அதன் முகத்துக்கு நேரே மறுத்தவர் இவர் என்பதை மறைக்க மாட்டோம். சுதந்திரத்துக்குப் பின் மறுபடி வந்து, காந்திகிராமத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் ஏழைகளோடு வாழ்ந்து, 1984-ல் மறைந்தார். சின்னாளப்பட்டிப் பக்கம் போகும் தோழர்கள் வயதானவர்களிடம் விசாரித்துப் பாருங்கள்.

கொல்லச் சொன்ன லண்டன் பிஷப்போ 1939 வரை பதவியிலே இருந்தார். அவரை ஊரைவிட்டுப் போ என்று ஒருவரும் சொல்லவில்லை.