கல்மரங்களிடம் கேட்க வேண்டிய கேள்வி

நம் பள்ளிகளில் நிலவியல் பாடநூலின் சில பக்கங்களுக்குள் அடங்கிவிடுகிறது. தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்று மூன்று பெயர்களை ஒப்பித்தால் மதிப்பெண் கிடைத்துவிடும். பாறையைத் தொட்டுப் பார்க்கும் தேவையே எழுவதில்லை.

விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் கல்மரப் பூங்கா இருக்கிறது. சுமார் 2 கோடி ஆண்டுகள் பழமையான மரங்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. சுற்றுலா வரும் பிள்ளைகள் அந்த எண்ணைக் கேட்டு வியக்கிறார்கள், பேருந்தில் ஏறிவிடுகிறார்கள். எண் மட்டுமே அறிவாகிவிடாது.

அங்கே கேட்க வேண்டியது வேறு. இம்மரங்களின் வேரும் கிளையும் எங்கே? ஏன் படுத்துக் கிடக்கின்றன? யோசிக்கும் பிள்ளை, இவை இங்கு வளர்ந்தவை அல்ல, வெள்ளம் கொண்டுவந்து மணலில் புதைத்தவை என்ற முடிவுக்குத் தானே வந்துசேரும். நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்திசுக்களில் படிந்து அவற்றைக் கல்லாக்கியதை அதன்பின் சொன்னால் போதும்.

காலத்தையும் காலால் உணர்த்தலாம். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவில் 2010-இல் திறக்கப்பட்ட ‘காலத்தின் பாதை’யில் ஒரு மீட்டர் நடந்தால் 10 லட்சம் ஆண்டுகள் கடக்கின்றன. அந்தக் கணக்கில் திருவக்கரை மரங்கள் 20 மீட்டர் தொலைவில் இருக்கும். சுமார் 3 லட்சம் ஆண்டுகளே ஆன நம் மனித இனம் ஓரடிக்குள் அடங்கிவிடும். பூமியின் பிறப்புக்கோ நாலரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும்.

இதற்கு ஓர் அளவுக்கயிறும் சுண்ணாம்புப் பொடியும் முன்கூட்டியே யோசித்து வரும் ஓர் ஆசிரியரும் போதும். பாறையைப் படிக்கத் தெரியாமல் வளரும் தலைமுறைக்கு, தன் ஊர்க் குன்று ஜல்லியாக உடைபடும்போது எது அழிகிறது என்பதும் தெரியாது.