பழைய பைனாகுலர் மங்கலா, இல்ல நம்ம கண்ணா?

1/
பறவை பார்க்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. "டாக்டர், 30 வருஷப் பழைய கார்ல் ஸைஸ் பைனாகுலர் செகண்ட் ஹேண்ட்ல வருது. அதை வாங்கலாமா, இல்ல ரெண்டு லட்சம் போட்டு புதுசே எடுத்துடவா?"

என் கருத்து: நல்ல நிலையில் இருக்கும் பழசே போதும். ஆனா எந்தப் பழசுன்னு பார்க்கணும். அதுக்கு முன்னாடி உங்க கண்ணைப் பார்க்கணும்.

2/
முதல்ல கூர்மை. ஒரு டிகிரியை 3600 துண்டா வெட்டினா, ஒரு துண்டுதான் ஒரு ஆர்க் செகண்ட். நல்ல கண்ணால் பிரித்துப் பார்க்க முடிவது சுமார் 60 ஆர்க் செகண்ட். 42 மி.மீ. லென்ஸோ சுமார் 3 ஆர்க் செகண்ட் வரை பிரிக்கும். அதை 8 மடங்கு பெரிதாக்கினாலும் 24 தான்.

ஆக, நல்லா செஞ்ச பைனாகுலரின் நடுப்பகுதிக் கூர்மை 1985லேயே நம்ம கண்ணைத் தாண்டிடுச்சு. படத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கை நடுக்கமும் கண்ணும்தான்.

3/
அப்போ புதுசுல என்னதான் கூடுதல்? முக்கியமா கோட்டிங்.

பூச்சு இல்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பிலும் சுமார் 4% ஒளி திரும்பிடும். பத்து பரப்புன்னா மூணுல ஒரு பங்கு ஒளி காலி. அதில் கொஞ்சம் உள்ளேயே அலைஞ்சு படத்தை வெளுக்கவும் வைக்கும். இதைக் குறைக்கும் பூச்சை 1935ல் ஸைஸ் நிறுவனத்தில் கண்டுபிடித்தவர் அலெக்சாண்டர் ஸ்மகுலா. பிறகு வந்த பல அடுக்குப் பூச்சு இழப்பை இன்னும் குறைச்சது.

4/
பலர் கவனிக்காத ஆண்டு 1988.

நேர்க்குழாய் மாதிரி இருக்கும் ரூஃப் ப்ரிஸம் பைனாகுலரில் ஒளி இரண்டாகப் பிரிந்து சேரும். சேரும்போது அலைகள் ஒத்துப்போகாமல் கான்ட்ராஸ்ட் குறையும். இதைச் சரிசெய்யும் ஃபேஸ் கோட்டிங்கை ஸைஸ் 1988ல் கொண்டுவந்தது. அதுக்கு முந்தைய ரூஃப் ப்ரிஸம்னா, எவ்வளவு பெரிய பிராண்டானாலும் யோசிங்க.

தோள் புடைத்த பழைய போரோ வகைக்கு இந்தச் சிக்கலே கிடையாது. ஸ்வரோவ்ஸ்கி ஹாபிக்ட் இன்னும் மதிக்கப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

5/
பழசுல நான் சிபாரிசு செய்வது ஃபேஸ் கோட்டிங் உள்ள ஸைஸ் டயலிட் 7x42. ஆயிரம் மீட்டர் தூரத்தில் 150 மீட்டர் அகலம் தெரியும். 7 மடங்குதான் என்பதால் கை நடுக்கமும் குறைவாத் தெரியும். கண்ணாடி போட்டவங்களும் முழுப் படத்தைப் பார்க்கலாம். ஓரத்தில் கூர்மை குறையும், உண்மைதான். ஆனா பறவையை யாரும் ஓரத்தில் வெச்சுப் பார்ப்பதில்லை.

6/
இப்போ என் துறைக்கு வர்றேன்.

42ஐ 7ஆல் வகுத்தா 6. அதாவது 6 மி.மீ. அகல ஒளிக்கற்றை கண்ணுக்கு வருது. பகல் வெளிச்சத்தில் நம் கண்பாவை 2-3 மி.மீ. தான் திறக்கும். இருட்டில் இளைஞருக்கு 7 வரை போகலாம். 60 வயதைத் தாண்டினா பலருக்கு 5ஐத் தொடுவதே கஷ்டம். மிச்ச ஒளி கண்ணுக்குள்ளேயே போகாது.

வயசாக ஆக கண்ணின் லென்ஸும் மஞ்சளாகும், பிறகு புரை விழும். "முன்ன மாதிரி பளிச்னு இல்ல, கோட்டிங் போயிடுச்சு போல" என்பவருக்குப் போயிருப்பது கோட்டிங்காகவே இருக்கணும்னு இல்லை. அது கண்புரையாகவும் இருக்கலாம். ரிட்டயர்மென்ட் பணத்தில் ரெண்டு லட்சம் போட்டாலும் அந்த மங்கல் போகாது.

7/
வாங்கும் முன் செய்யவேண்டியவை:

• முன்பக்கத்திலிருந்து டார்ச் அடிச்சுப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா பூஞ்சை. நம்ம ஊர் ஈரக்காற்றில் சகஜம்.
• பத்து நிமிஷம் தொடர்ந்து பாருங்க. தலைவலியோ இரட்டைப் பிம்பமோ வந்தா இரு குழாயும் நேர்கோட்டில் இல்லை. வேண்டாம்.
• கண்ணாடி போடுறவங்க கண்ணாடியோடவே சோதிங்க. சிலிண்டர் பவரை பைனாகுலர் திருகு சரிசெய்யாது.
• 40 தாண்டியவங்க முதல்ல ஒரு கண் பரிசோதனை செஞ்சுக்கோங்க.

8/
புதுசு மோசம்னு சொல்லல. வெளிச்சம், நிறம், ஓரக் கூர்மை எல்லாத்திலும் முன்னேற்றம் உண்டு. ஆனா கடைசி லென்ஸ் உங்க கண்ணுக்குள்ள இருக்கு. அதை முதல்ல பார்த்துட்டு பர்ஸைத் திறங்க.